திரையில் தெரிந்த காது

எங்கள் சிறிய மருத்துவமனை வாசலில் 'வீடியோ வழியாகவும் வைத்தியம் பார்க்கப்படும்' என்று பலகை மாட்டி ஆறு மாதமாகிறது. படிப்பவர்கள் ஏதோ பெரிய ஏற்பாடு என்று நினைப்பார்கள். ஏற்பாடு என்பது எங்கள் சிஸ்டர்தான். அதே கட்டடத்தில் மருந்து எடுத்துக்கொடுக்கும் எனக்குத் தெரியாதா? இருபத்திரண்டு வருடம் ஊசி போட்டவர், இப்போது காலையிலிருந்து போனும் கையுமாக, "அம்மா, கேமராவத் திருப்புங்க, ஃபேன்தான் தெரியுது" என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிறார்.

ஒருநாள் பதினேழாவது ஆள் ஓய்வுபெற்ற தபால்காரர். இதய நோயாளி, தனியாக இருப்பவர். போன் என்றால் காதில்தான் வைப்பேன் என்று பிடிவாதம். திரை முழுக்க அவர் காது.

டாக்டர் அந்தக் காதைப் பார்த்தே கேட்டார். "மூச்சு எப்படி இருக்கு?"

"பரவால்ல டாக்டர்."

"கால் வீக்கம்?"

"இல்ல டாக்டர்."

அதே மாத்திரையைத் தொடரச் சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த பெயரைத் தேடினார். சிஸ்டர் அழைப்பைத் துண்டிக்கவில்லை.

"டாக்டர், இவர் சரியில்ல."

"அவரே பரவால்லன்றாரே."

"பதினோரு வருஷமா பாக்கறேன், வாயத் திறந்தா மூடமாட்டார். இன்னிக்கு ரெண்டு வார்த்தைக்கு மேல வரல. நடுவுல மூச்சு வாங்குது."

"இன்னும் இருபது பேர் இருக்காங்க சிஸ்டர்!"

சிஸ்டர் போனோடு என்னிடம் வந்தார். "அண்ணா, அவர் வீட்டுக்கு ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க." தப்பாகிப் போனால் டாக்டர் முகத்தில் எப்படி விழிப்பது என்று யோசித்துக்கொண்டே நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வண்டி போய்ச் சேரும்வரை சிஸ்டர் தபால்காரரைப் போனிலிருந்து விடவில்லை. "கதவத் திறந்து வச்சிட்டு உக்காருங்க ஐயா. நான் இங்கதான் இருக்கேன்."

மதியம் பெரிய மருத்துவமனையிலிருந்து தகவல் வந்தது. நுரையீரலில் நீர் கோத்திருந்ததாம். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் ஆள் பிழைத்திருக்க மாட்டாராம்.

டாக்டர் எழுந்து தன் அறையிலிருந்து வெளியே வந்தார். நல்ல மனிதர், மழுப்பவில்லை. "எனக்குக் கேக்கல சிஸ்டர். உங்களுக்குக் கேட்டிருக்கு." கொஞ்சம் தயங்கினார். "நாளையிலேர்ந்து வீடியோவுக்கு வர்ற எல்லார்கிட்டயும் முதல்ல நீங்க பேசிடுங்களேன்."

தினம் நாற்பது பேர். சிஸ்டர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். முடியாது என்று சொல்லித் தொலையட்டும் என்று நான் மனதார வேண்டிக்கொண்டேன்.

"காலையில எத்தன மணிக்கு வரட்டும் டாக்டர்?" என்றார்.