மாமாவின் பத்து நிமிடம்

எங்கள் மாமா மேடையைக் கண்டால் நடுங்குவார் என்று தாராவி முழுக்கச் சொல்லிப் பரப்பியவள் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. வாய் மட்டும் இருபது வயதுக்கு இருந்தது.

என் இடது கால் போலியோவில் சூம்பிப்போனது. முட்டியை மடக்க விடாத ஓர் இரும்புக் காலிப்பரை மாட்டிக்கொண்டு நடப்பேன். பஸ்ஸில் உட்கார்ந்தால் கால் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும். கண்டக்டர் முணுமுணுத்துக்கொண்டே தாண்டிப் போவார். கால் சரியாகுமா என்று கேட்க, அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு ஒரு பெரிய எலும்பு டாக்டரைப் பார்க்க மூன்று தடவை போனார். மூன்று தடவையும் வாசலில் நின்ற பியூனைத்தான் பார்த்தோம். ஆறு மாதம் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டான்.

அப்பா விக்ரோலியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். டாக்டர் கிடைக்காவிட்டால் என்ன என்று தானே ஒரு காலிப்பர் செய்ய உட்கார்ந்துவிட்டார். முட்டிக்கு ஒரு கீல் வைத்தார். குடைக்கம்பியில் இருக்கிற பித்தானைப் பார்த்து, அதே மாதிரி கெட்டி இரும்பில் ஒரு பூட்டு. அமுக்கினால் கால் மடங்கும், எழுந்து நின்றால் 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும்.

அம்மாவின் தம்பியான மாமாவும் எங்களோடு அந்த ஒரே அறையில்தான் இருந்தார். ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வார்டு பாய். நோயாளிக்கு ஏற்றுகிற குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்துபோனதை யாரும் கவனிக்காமல் விடுவதைத் தினமும் பார்த்தவர். அவர் பாட்டிலை ஒரு ஸ்பிரிங்கில் தொங்கவிட்டார். பாட்டில் காலியாகக் காலியாக ஸ்பிரிங் மேலே ஏறி, கடைசியில் ஒரு கம்பியைத் தொட்டதும் மணி அடிக்கும். என்ன, வீட்டுக்குப் பின்னால் ரயில் போனாலும் அடிக்கும்.

"என்ன மாப்ளே, ரயிலுக்கும் சீக்கு வந்துட்டா?" என்பார் அப்பா.

"ஆஸ்பத்திரிக்குள்ள ரயில் வராது அத்தான். நீங்க உங்க குடையப் பாருங்க."

இப்படி இருக்கையில் மாட்டுங்காவில் ஒரு தமிழ்ச் சங்கம் புதிய கருவிகளுக்குப் போட்டி வைத்தது. நோட்டீஸை மாமாதான் கொண்டுவந்து படித்தார். முதல் பரிசு வெள்ளிக் கப். ஜெயித்த கருவியைச் செம்பூரில் ஒரு கம்பெனி செய்து விற்கும். அன்றிலிருந்து மாமாவின் நடையே மாறிவிட்டது. "இனி எவனாவது என்னை 'ஏ வார்டு பாய்'னு கூப்பிடட்டும், பாத்துக்கிடுதேன்" என்று அம்மாவிடம் சொன்னார். நடுவர்களில் ஒருவர் அந்த எலும்பு டாக்டர். அந்த வரியை மட்டும் அப்பா மறுபடி படிக்கச் சொன்னார். எனக்கோ கப்தான் கண்ணில் நின்றது. வகுப்பில் அதைக் காட்டுவதாக வாக்கே கொடுத்துவிட்டேன்.

சங்கத்து மேடையில் வீட்டுப் பேச்சுப் பேசினால் மதிக்கமாட்டார்கள் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு பயம். அதனால் மாமா அப்பாவுக்கும் தனக்கும் மேடைத் தமிழில் உரை எழுதினார். "பேரன்புமிக்க நடுவர் பெருமக்களே" என்று ஆரம்பிக்கும். இருவரும் சொல்லிச் சொல்லிப் பார்த்ததில் இரண்டு உரையும் எனக்கே மனப்பாடம்.

போட்டியன்று ஆளுக்குப் பத்து நிமிடம். முதலில் அப்பா. நான் நாற்காலியில் உட்கார்ந்து காலை மடக்கிக் காட்டினேன், எழுந்தேன், 'டக்'. கைதட்டல் பிரமாதம். அப்பா டாக்டர் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார்.

"ஐயா, இந்தப் பிள்ளைக்குப் பாதம் ஊனவே மாட்டேங்கு. ஒருக்கா தொட்டுப் பாருங்க ஐயா."

"பேரன்புமிக்க, பேரன்புமிக்க" என்று நான் அடியெடுத்துக் கொடுத்தேன். மனிதர் காதில் வாங்கவே இல்லை. குடைப் பித்தானைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது! டாக்டர் எழுந்து வந்து, காலிப்பரைக் கழற்றிவிட்டு, என் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டார். ஜுரம் வந்தபோது என்ன வயது என்று கேட்டார். குதிகாலை அமுக்கிக்கொண்டிருக்கும்போதே, அப்பாவின் நேரம் முடிந்ததென்று மணி அடித்துவிட்டார்கள். அடுத்து மாமாவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மாமா பாட்டிலும் ஸ்டாண்டுமாக மேடையேறினார். அப்பாவைப் பார்த்தார். என் குதிகாலைப் பிடித்திருந்த டாக்டரின் கையைப் பார்த்தார்.

"ஐயா, எனக்குப் பேச வரல. என் பத்து நிமிசத்தையும் அத்தானுக்கே குடுத்துருங்க."

சொல்லிவிட்டு, கொண்டுவந்ததைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்தப் பத்து நிமிடத்தில் டாக்டர் காலை முழுக்கப் பார்த்தார். "குதிகால்ல நரம்பு இழுத்துண்டிருக்கு. ஆபரேஷன் பண்ணினா பாதம் தரையில பதியும்" என்றார். ஒரு சீட்டு எழுதினார். "செவ்வாய்க்கிழமை வாங்கோ. இதைக் காமிச்சா உள்ளே விடுவா."

காலால் மிதித்துத் திறக்கும் தண்ணீர்க் குழாய் செய்த ஒருவர் கப்பை வாங்கிக்கொண்டு போனார்.

திரும்பும்போது பஸ்ஸில் நான் அழுதேன். தோற்றுப்போன அப்பா, சீட்டு வைத்த சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்தார். வெட்கம் கெட்ட மனிதர் என்று எனக்கு ஆத்திரமான ஆத்திரம். பக்கத்தில் மாமா. பள்ளத்தில் பஸ் இறங்கும்போதெல்லாம் அவர் மடியில் மணி அடித்தது.

"மேடையப் பாத்துப் பயந்துட்டீங்களா மாமா?"

"ஆமாட்டி. காலு ரெண்டும் நடுங்கிட்டு."

அது போதாதா எனக்கு? மறுநாளே ஊரெல்லாம் சொன்னேன். ஆபரேஷன் முடிந்து, இரண்டு பாதமும் தரையில் பதிய நடந்துபோய், வீடு வீடாகச் சொன்னேன். மாமா மறுத்ததே இல்லை. அந்தக் கருவியை அவர் மறுபடி யாருக்கும் காட்டவும் இல்லை. கடைசிவரை வார்டு பாயாகவே இருந்தார்.

அவருடைய உரை இன்றைக்கும் எனக்கு முழுசாக வரும். ஒத்திகையில் அவர் அதில் ஒரு இடத்தில்கூடத் தடுமாறியதில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து அதைக் கேட்டு மனப்பாடம் செய்த நான்தான், அவருக்குப் பேச வராது என்று நம்பினேன்.