கூரைத்தகரமும் குளிர்ப்பெட்டியும்

ஒஸ்லோவில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், மத்தியானம் பாணும் சீஸும் தின்றபடி எல்லோரும் கருவைப் பற்றி வாதாடுகிறார்கள். சோதனைக்குழாயில் உண்டாக்கிய கருவைக் குளிர்ப்பெட்டியில் எத்தனை வருடம் வைக்கலாம் என்று பாராளுமன்றம் சட்டம் செய்யப் போகிறதாம். பிள்ளைக்காக நானும் என் கணவரும் அந்த வைத்தியம்தான் செய்கிறோம். எங்கள் மிச்சக் கருக்களும் ஆஸ்பத்திரிக் குளிர்ப்பெட்டியில்தான் இருக்கின்றன. "அவற்றின் கண்ணியத்தை யார் காப்பது?" என்றாள் கூட வேலை செய்யும் ஆன். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. சாப்பாட்டை மூடிவைத்தேன். மசக்கை என்று நினைத்து ஆன் என்னைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினாள்.

நான் இங்கே வருமுன், கண்டியில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில், ஹந்தானைத் தேயிலை மலையிலிருந்த எங்கள் லயத்தை, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை, எரித்தார்கள். தேயிலைக்குள் ஒளிந்திருந்துவிட்டு வந்து பார்த்தால் சுவர்கள் மட்டும் நின்றன. பிறகு அரசாங்க நிவாரணமென்று, காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் கூரைத்தகரம் வந்து இறங்கியது. கூடவே வந்த உத்தியோகத்தர் அரைகுறைத் தமிழில், "ஒப்பரேசன் செஞ்ச பொம்பள வீட்டுக்கு முதல்ல தகரம்" என்றார். பிள்ளை பெறாமலிருக்கக் குழாயைக் கட்டிவிடும் ஒப்பரேசன். கொழுந்து ஏற்றும் லொறியிலேயே பெண்களை ஏற்றினார்கள். என் அக்கா செல்வத்துக்கு ஒரே மகன், கைக்குழந்தை. மழை விட்டபாடில்லை. "புள்ள நனையுதுடி, வேற என்னா செய்ய?" என்று அவளும் ஏறினாள். தகரம் கிடைத்தது. அடுத்த மழைக்காலத்தில் மகன் காய்ச்சலில் செத்துப்போனான். அவளுடைய கண்ணியத்தைப் பற்றி எந்தப் பாராளுமன்றமும் வாய் திறக்கவில்லை. தகரத்தைக் காட்டி லொறியில் ஏற்றியவர்களும் மனிதர்களா என்று இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

குழாயைக் கட்டிக்கொண்ட பெண்களுக்கும் இந்த வைத்தியத்தில் பிள்ளை பிறக்குமென்று யாரோ சொல்ல, அக்கா என்னை விசாரிக்கச் சொன்னாள். என் மருத்துவரிடம் கேட்டேன். உங்கள் அக்கா எதற்காக அந்த ஒப்பரேசன் செய்தார் என்றார். "கூரைக்காக" என்றேன். என் நோர்வேஜிய மொழியில்தான் பிழையென்று நினைத்து, நிறுத்தி நிறுத்தி மறுபடி கேட்டார். நான் திரும்பவும் அதையே சொன்னேன். அவர் முகம் சிவந்தது. இந்த நாட்டில் வதிவிட அனுமதி உள்ளவர்களுக்கு மட்டுமே செய்யலாம், சட்டம் அப்படி, என்றார்.

போன ஞாயிறு அக்கா கண்டி டவுனுக்கு வந்து கடை டெலிபோனில் பேசினாள்.

"என்னா சொன்னாங்க?"

"விசா இல்லாம முடியாதாம்க்கா."



"ஒன்னோடதுக ஐஸ்பெட்டியில இருக்குன்னியே. அதுகளுக்கு விசா கேக்கலியா?"

"இல்லக்கா."

"அப்ப அதுகளாவது அங்கயே இருக்கட்டும்" என்று டெலிபோனை வைத்துவிட்டாள்.