சனிக்கிழமைகளில் மட்டும் பழுதாகும் லிஃப்ட்

மேலே போனது கீழே வந்துதான் தீரும் என்பதில் அவருக்கு இருந்த உறுதி பக்தர்களுக்கே இருக்காது. இருபத்திரண்டு வருஷமாக லிஃப்ட் பழுதுபார்க்கிறவருக்கு வேறு எந்தத் தத்துவம் வாய்க்கும்? வீட்டு விலை விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்த காலத்தில், கம்பெனியில் கூட வேலை பார்த்தவர்கள் கடனை உடனை வாங்கி ஆளுக்கொரு வீட்டை மடக்கிப் போட்டார்கள். இவர் மட்டும் தேநீர்க் குவளையை ஊதிக்கொண்டே, "அவசரப்படாதீங்க. இதெல்லாம் பாதாளத்துக்கு வந்து சேரும்" என்றார். விலை வரவில்லை. பாதாளம் என்ற பட்டப்பெயர்தான் வந்து சேர்ந்தது. சொந்தப் பெயரைச் சம்பளச் சீட்டில் மட்டும் பார்க்கிற நிலைக்குப் போனார்.

பிறகு ஒரு வருஷம் விலை நிஜமாகவே சரிந்தது. கதவுக்குக் கதவு 'விற்பனைக்கு' அட்டை தொங்கியது. பாதி எழும்பிய கட்டடங்கள் கம்பியை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றன. புதுக் கட்டடம் இல்லாததால் புது லிஃப்ட் இல்லை. புது லிஃப்ட் இல்லாததால் கம்பெனியில் பதினொரு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். பாதாளம் அந்தப் பதினொரு பேருக்காக மனமார வருந்தினார். விலை சரிந்ததற்காக மனமார மகிழ்ந்தார். இரண்டும் ஒரே செய்தி என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

வீட்டில் அவர் சொல் எடுபடவில்லை. மனைவி ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவுக்கு மேற்பார்வையாளர். நாளொன்றுக்கு எண்ணூறு விரிப்புகளை எண்ணி வாங்குகிறவளிடம் தத்துவம் பேசிக் கரையேற முடியாது.

"ஏறும்போது, ஏறுதுன்னு வாங்கல. இறங்கும்போது, இன்னும் இறங்கும்னு வாங்கல. ஒரு நாள் நின்னுச்சுன்னா வாங்குவீங்களா?"

"நின்னா யோசிக்கலாம்."

"யோசிங்க. அதுக்குள்ள நம்ம பொண்ணு கல்யாணம் ஆகி, அவ வீடு வாங்கிடுவா. நாம அங்க குடி போயிடலாம்."

வாடகை வீட்டில் அறை இரண்டு. பதிமூன்று வயதுப் பெண்ணுக்குக் கிடைத்தது சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவிலிருந்த நடை. அவள் கட்டிலைத் தாண்டாமல் அந்த வீட்டில் யாரும் பல் துலக்க முடியாது. ஒரு பழைய போர்வையைத் திரையாகக் கட்டி, அதில் 'தட்டிவிட்டு வரவும்' என்று தாளில் எழுதிக் குத்தி வைத்திருந்தாள். போர்வையைத் தட்டினால் தூசிதான் வந்தது.

மூடுகிற கதவு உள்ள ஒரு வீட்டை மனைவியே தேடிப் பிடித்தாள். ஐந்தாவது மாடி, மூன்று அறை, பெரிய ஜன்னல். கோர்ட்டில் முப்பத்தொரு வருஷம் சுருக்கெழுத்து எழுதி ஓய்வு பெற்ற அம்மாள் ஒருவருடையது. தனி ஆள். தங்கையோடு போய் இருக்கப் போவதால் விற்கிறார். ஸ்டெனோ அம்மா என்றால் அந்தக் கட்டடத்தில் தெரியாதவர் இல்லை. வீட்டைப் பார்த்துவிட்டு வந்த மனைவிக்கு அன்றைக்கு விரிப்புக் கணக்கில் நாலு குறைந்தது. வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் அவளுக்கு அப்படி நடந்ததில்லை.

விலை நூறு என்று வைத்துக்கொள்வோம். நிஜத் தொகையைச் சொன்னால் படிக்கிறவர்கள் பெருமூச்சு விட்டே நேரத்தைக் கழிப்பார்கள். பாதாளம் முகவரியைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் கட்டடத்து லிஃப்ட் அவருடைய பராமரிப்பில் இருந்தது.

"நூறு குடுக்க நான் என்ன முட்டாளா? இறங்கட்டும்" என்றார்.

தானாக இறங்கும் என்று நம்புகிறவர் சும்மா இருந்திருக்கலாம். நம்பிக்கை அதிகமாக உள்ளவர்கள்தான் கடவுளுக்கே கைகொடுக்கப் போவார்கள். வீடு பார்க்க வருகிறவர்களைத் தரகர் சனிக்கிழமை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரைதான் அழைத்து வருவார் என்று வாசலிலேயே அறிவிப்பு ஒட்டியிருந்தது. அடுத்த சனிக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு லிஃப்ட் கதவில் 'பழுது, படிகளைப் பயன்படுத்தவும்' என்ற போர்டு தொங்கியது. பன்னிரண்டே காலுக்கு லிஃப்டுக்கு உடம்பு சரியாகிவிட்டது. அதற்கடுத்த சனிக்கிழமையும் அதே காய்ச்சல். அதே நேரத்தில் குணம்.

பொய் சொன்னதாக அவருக்குத் தோன்றவில்லை. எதையாவது கழற்றி மாட்டினால்தானே பராமரிப்பு? அதற்குச் சனிக்கிழமைதானே தோது? மேலே இயந்திர அறையில் உட்கார்ந்து, ஒரு திருகைத் தளர்த்தி, அதையே இறுக்கி, மணி பார்த்தார். கீழே படிகளில் ஜனம் மூச்சுவாங்கியது. இரட்டைக் குழந்தைகளைச் சுமந்து வந்த தம்பதி மூன்றாவது மாடியோடு திரும்பினார்கள். இன்னொருவர் நாலாவது மாடியில் உட்கார்ந்து தரகரிடம், "மேல இருக்கறது வீடா, கோயிலா?" என்று கேட்டார்.

நூறு தொண்ணூற்றிரண்டு ஆயிற்று. பிறகு எண்பத்தாறு. ஒன்பது குடும்பங்கள் வந்து போன பிறகு எண்பது.

"எண்பதுங்க! இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு? சும்மா குடுத்து, மேல சில்லறையும் போடணுமா?" என்றாள் மனைவி.

"எழுபத்தஞ்சுக்கு வரும். நீ பாரேன்."

"வேற யாராவது வாங்கிட்டா?"

"எவன் வாங்குவான்?" என்றார் பாதாளம். அந்தக் கேள்விக்கான விடை உலகத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

ஆனால் எழுபத்தைந்தோ எண்பதோ, அதில் மூன்றில் ஒரு பங்கு மாமனார் தர வேண்டியது. கிடங்குக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசிக் காலத்தில் மகளோடு இருக்க ஓர் அறை வேண்டும் என்பது அவர் நிபந்தனை. இரண்டு முழங்காலும் தேய்ந்து, உடம்பு மட்டும் தேயாமல் நின்றவர்.

"மாப்பிள்ளை, அஞ்சாவது மாடிங்கறீங்க. லிஃப்ட் ஓடுமா?"

"என்ன மாமா இப்படிக் கேக்கறீங்க? என் கையில இருக்கற லிஃப்ட். குதிரை மாதிரி ஓடும்."

"குதிரை எனக்கு வேண்டாம். நானே வந்து ஏறிப் பாக்கறேன். ஓடுச்சுன்னா அங்கயே பணத்துக்குச் சரின்னு சொல்லிடறேன். ஓடலன்னா, நீங்க உங்க வாடகை வீட்டுலயே சந்தோஷமா இருங்க."

மாமனாருக்கு வரத் தோதான நாள் சனிக்கிழமை. தரகருக்கும் சனிக்கிழமைதான். அன்று பாதாளம் போர்டை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு வந்தார்.

லிஃப்ட் ஓடியது, குதிரை தோற்றது. மாமனார் உள்ளே நுழைந்தபோது மட்டும் ஒரு முறை முனகிற்று. அவர் ஐந்தாவது மாடியில் இறங்கி, "பரவாயில்ல, ஆட்டமே தெரியல" என்று சான்றிதழ் கொடுத்தார். மனைவி முகத்தில் விளக்கேற்றியதுபோல் இருந்தது. பெண் நேராக ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். திறந்தாள். மறுபடி சாத்தினாள். உள்ளிருந்து, "அப்பா, தட்டுங்களேன்!" என்று குரல் வந்தது. பாதாளம் தட்டினார். "யாரு?" என்றாள் அவள், வீட்டுக்காரியைப் போல.

ஸ்டெனோ அம்மா வாசலில் நின்றபடியே லிஃப்டைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரை மணி.

"சனிக்கிழமை. ஓடுதே!" என்றார்.

பாதாளம் லிஃப்ட் கதவில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

"தம்பி, நீங்க மெக்கானிக்தானே? சமையலறைக் குழாய் ஒண்ணு சொட்டுது. ஒரு நிமிஷம் வந்து பாருங்க" என்று அவரை மட்டும் உள்ளே அழைத்துப் போனார். குழாய் சொட்டவில்லை. அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் பிரித்தார். சுழியும் கோடுமாகச் சுருக்கெழுத்து.

"உங்களுக்குப் புரியாது. நானே வாசிக்கிறேன். ஒன்பது சனிக்கிழமை, ஒன்பது தடவை பழுது. ஒன்பதே முக்காலுக்கு ஆரம்பம், பன்னிரண்டே காலுக்கு முடிவு. ஞாயிறு, திங்கள் ஒரு தடவைகூட இல்ல."

"பழைய மெஷின்மா. வயசாச்சுன்னா சில நாள்..."

"எனக்கும்தான் வயசாச்சு. கிழமை பாத்தா படுத்துக்கறேன்? அஞ்சாவது சனிக்கிழமை சந்தேகம் வந்து, நான் முன்னாடியே படியில இறங்கி வர்றேன். நீங்க போர்டை மாட்டுறீங்க. மாட்டிட்டு அதே லிஃப்ட்ல ஏறி மேல போறீங்க. விசில் வேற."

இதுதான் அவர் செய்த பிழை. இயந்திர அறை ஏழு மாடிக்கு மேல் இருந்தது. லிஃப்ட் பழுதுபார்க்கிறவனை எந்தப் பாவமும் செய்யவைக்கலாம், படியேற மட்டும் வைக்க முடியாது.

"கோர்ட்டுல முப்பத்தொரு வருஷம் அடுத்தவங்க பொய்யை எழுதினவ நான். சொல்றவங்க சொல்லும்போதே கை தானா ஓடும்" என்றார் ஸ்டெனோ அம்மா. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பாதாளம் சமாளித்திருப்பார். "உங்க கம்பெனிக்கு ரெண்டு வரி எழுதலாம்னு இருந்தேன். பதினொரு பேரை அனுப்பிட்டாங்களாமே?"

பன்னிரண்டாவது ஆள் சொட்டாத குழாயை இன்னொரு முறை இறுக்கினார்.

"இன்னைக்கு நீங்களே குடும்பத்தோட வந்து நின்னதும்தான் எதுக்குன்னு புரிஞ்சுது. இந்தக் காலத்துல வீடு வாங்க ஒருத்தர் இவ்வளவு பாடுபடுறாரு. அவரை விடலாமா? வந்த ஒன்பது பேரையும் நீங்க விரட்டிட்டீங்க. மிச்சம் இருக்கறது நீங்க ஒருத்தர்தான். விலை நூறு."

"அம்மா... எண்பதுன்னு தரகர்..."

"அது லிஃப்ட் ஓடாத வீட்டுக்கு. இதுதான் ஓடுதே."

"ஊர்ல எல்லாம் இறங்கிக்கிட்டு இருக்குமா. இன்னைக்கு வேற எந்த வீடானாலும் தொண்ணூறுக்குக் கிடைக்கும்."

"கிடைக்கும். போய் வாங்கிக்குங்க. நான் லெட்டர் எழுதிக்கிறேன்."

கூடத்தில் மாமனார் நாற்காலி ஒன்றை நிரப்பியிருந்தார். மனைவி ஜன்னலருகே நின்று, திரைக்கு அளவோ என்னவோ, சாண் சாணாக எண்ணிக்கொண்டிருந்தாள். தரகர், ஸ்டெனோ அம்மா சொன்ன தொகையைக் கேட்டு இருமினார்.

"நூறா?" மாமனார் எழுந்திருக்க முயன்று பாதியில் விட்டார். "மாப்பிள்ளை, எண்பதுன்னுதானே சொன்னீங்க? எழுபத்தஞ்சுக்கு முடிச்சுக் காட்டறேன்னு மார்தட்டினீங்களே!"

எல்லோரும் பாதாளத்தைப் பார்த்தார்கள். தக்காளிக்குப் பேரம் பேசி, கடைக்காரர் கோபித்துக்கொண்டு கடையைச் சாத்திய வரலாறு உள்ளவர். மனைவி எண்ணுவதை நிறுத்தினாள். சண்டை தொடங்கும், வீடு கைவிட்டுப் போகும் என்று அவள் முகமே சொன்னது.

"நியாயமான விலைதான் மாமா" என்றார் பாதாளம். "அம்மா கேக்கறதைக் குடுத்துடலாம்."

"பேசவே வேண்டாமா?"

"வேண்டாம்."

மாமனார், மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்றார். விலையெல்லாம் சரிந்துகொண்டிருந்த அந்த வருஷத்தில், விலை ஏறிய வீடு ஊரிலேயே ஒன்றுதான். வாங்கியவர், விலை இறங்குமென்று பன்னிரண்டு வருஷம் காத்திருந்தவர்.

இறங்கும்போது லிஃப்டில் நான்கு பேரும் நெருக்கியடித்து நின்றார்கள். மனைவி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பெண் பெரியவளான பிறகு அவள் அப்படிப் பிடித்ததில்லை.

"ஒரு வார்த்தை பேரம் பேசலையே நீங்க" என்றாள் மெல்ல. "எனக்காகத்தானே?"

"பின்ன யாருக்காக?" என்றார் பாதாளம்.

அந்தக் கட்டடத்தில் அவர் சொன்ன பொய்களிலேயே மிகச் சின்னது அதுதான். அதில்தான் கொஞ்சம் உண்மையும் ஒட்டிக்கொண்டிருந்தது.