அக்காவுக்காக ஒரு கவுண்டியை விசாரித்தேன்

அப்பா ஏழாவது ஆளுக்குக் கோல் எடுத்து, "அப்ப அங்க எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்டுப் போனை வைத்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. விசாரிக்க ஆள் இல்லாவிட்டால் என்ன? ஊரையே விசாரித்துவிடலாமே!

அக்காவுக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை டொக்டர். இரண்டு பேரும் மூன்று மாதமாக வீடியோவில் கதைத்து, அக்கா பல் விளக்கும்போதே பாடுகிற அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. மாப்பிள்ளையின் சொந்த ஊர் யாழ்ப்பாணத்தில் வடமராட்சிப் பக்கம். அதை அப்பா அரை நாளில் விசாரித்து முடித்தார். வெம்பிளியில் ஒருவரும் டொரொண்டோவில் ஒருவரும் "தங்கமான சனம்" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். சிக்கல் என்னவென்றால், மாப்பிள்ளை இப்போது இருப்பது அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒரு கவுண்டியில். கவுண்டி என்றால் ஒரு சின்ன மாவட்டம். அங்கே டொக்டர் என்று இருப்பது அவர் ஒருவர்தான். தமிழர் என்று இருப்பதும் அவர் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் நாங்கள் பதில் சொல்ல வேண்டும்.

"ஊர் தெரியாமல் பொம்பிளைப் பிள்ளையை அனுப்ப ஏலாது," என்றார் அப்பா.

"நான் எழுதித் தாறன் அப்பா. புவியியல், சரித்திரம், சனத்தொகை. மூண்டு பக்கம்."

"கிணத்துத் தண்ணி நல்ல தண்ணியோ, உவரோ எண்டும் பார்," என்றாள் அம்மா. எந்த ஊரையும் அம்மா முதலில் கிணற்றை வைத்துத்தான் எடை போடுவாள்.

அக்கா என்னை மாடிப்படியில் மறித்தாள். "விளையாடாமல் உண்மையை எழுது. அவரை எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனால் அந்த இடத்தில என்னால இருக்க ஏலுமோ எண்டு எனக்குத் தெரியேல்லை."

ஓம் என்று தலையாட்டினேன். ஆனால் எனக்கு அவள் போவதில் துளியும் விருப்பமில்லை. பட்டம் முடித்து, இரண்டு வேலைகளை விட்டுவிட்டு, மூன்றாவதைத் தேடிக்கொண்டிருப்பவள் நான். எங்கள் வீட்டில் எனக்காக வாதாடுகிற ஒரே ஆள் அவள்தான்.

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் கணினியை வைத்து ஆராய்ச்சியில் இறங்கினேன். அந்தக் கவுண்டியை யாரோ அடிமட்டம் வைத்துக் கீறியிருக்கிறார்கள். மூன்று பக்கமும் நேர்கோடு. தெற்கே மட்டும் ஓர் ஆறு வந்து கோட்டைக் குழப்புகிறது. நடுவில் நீதிமன்றமும் தானியக் களஞ்சியமும் உள்ள ஒரு சின்னப் பட்டணம். மிச்சமெல்லாம் சோளமும் புல்வெளியும் மாடும்.

எங்கள் கோயில்களைப் போலவே அவர்களும் ஒரு நூற்றாண்டு மலர் போட்டிருந்தார்கள். முதலில் ரயில்பாதை வந்ததாம். அதன் பின்னால் ஜெர்மன்காரர், செக் நாட்டுக்காரர், சுவீடன்காரர். ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தேவாலயம், தனித்தனி இடுகாடு, நீண்ட காலம் ஒருவர் வீட்டில் மற்றவர் பெண் எடுக்கவில்லை. இவர்களுக்கெல்லாம் முன்பே அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளுக்கு மலரில் இரண்டு பத்தி. முதலாவது டிராக்டருக்கு நான்கு பக்கம்.

சனத்தொகை ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் தேய்கிறது. பள்ளிக்கூடத்தில் அமெரிக்கக் கால்பந்துக்குப் பதினொரு பேர் தேறவில்லை என்று, ஆறு பேரோடு ஆடுகிற விளையாட்டாக அதை மாற்றிவிட்டார்கள்.

கொக்குகளும் இருந்தன. வசந்தகாலத்தில் அந்த ஆற்றில் எண்ண முடியாத அளவு கொக்குகள் வந்து இறங்குமாம். படங்களைப் பார்த்து நானே வாயைப் பிளந்தேன். அறிக்கையில் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. சூறைக்காற்று, பனிப்புயல், கிலுகிலுப்பைப் பாம்பு மூன்றையும் தடித்த எழுத்தில் போட்டேன்.

தண்ணீர் விஷயம் மட்டும் பிடிபடவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு, அங்கே காலை ஒன்பது, அந்தப் பட்டணத்து நூலகத்துக்குக் கோல் எடுத்தேன். வயதான ஓர் அம்மையாரின் குரல். லண்டனில் இருந்து ஒருத்தி கிணற்றுத் தண்ணீரைப் பற்றிக் கேட்கிறாளே என்று அவர் சிரிக்கவில்லை. நிலத்தடியில் நல்ல தண்ணீர்தான், ஆனால் வயல் உரம் இறங்கியதால் சில கிணறுகளைச் சோதித்துத்தான் குடிக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ எங்கள் டொக்டர் கட்டப்போகிற பெண்ணுக்கு என்ன உறவு?" என்றார்.

தங்கச்சி, அப்பாவுக்காக உங்கள் ஊரைப் பற்றி எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

அதன் பிறகு கேள்வி கேட்டது அவர்தான். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியுமா? சத்தமே இல்லாத இடம் ஒத்துவருமா? என்ன வேலை? ஆரம்பப் பள்ளி ஆசிரியை என்றதும் மறுமுனையில் ஒரு பெருமூச்சு. அவர்களுக்கு அதற்கும் ஆள் இல்லையாம். முந்தைய டொக்டரின் மனைவிக்கு அந்த அமைதி தாங்கவில்லை, இரண்டு குளிர்காலத்தோடு இரண்டு பேரும் போய்விட்டார்கள். அதன்பின் நெஞ்சுவலி என்றாலும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காரில் போக வேண்டியிருந்தது. கடைசியில், "எங்களைப் பற்றி எழுதுகிறாயே, உங்கள் இடத்தைப் பற்றியும் எழுதி அனுப்பு, இங்கே எல்லோரும் கேட்கிறார்கள்" என்றார்.

அந்தக் கணமே திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். செய்தது ஒன்றுதான்: பாம்பைத் தடித்த எழுத்திலிருந்து சாதாரண எழுத்துக்கு இறக்கினேன்.

சனிக்கிழமை முன்னறையில் வாசித்தேன். தனித்தனித் தேவாலயம் என்றதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப எங்கட ஆக்கள் மாதிரித்தான்!" உரம் இறங்கிய கிணறு என்றதும் அம்மா, "இது எங்கட ஊர்ச் சிக்கல்தானே, காய்ச்சிக் குடிக்கலாம்" என்றாள். காய்ச்சினால் உரம் போகாது என்று சொல்ல வாயெடுத்தேன், அவள் அடுத்ததற்குப் போய்விட்டாள். "மனிசரைவிட மாடு கூடவோ? அப்ப பாலுக்குக் குறைவில்லை."

"அம்மா, அது இறைச்சி மாடு."

அம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

கடைசி வரி வந்ததும் அக்கா கேட்டாள். "முடிஞ்சுதோ?"

"ஓம்."

"கொக்கு எங்கயடி?"

"எந்தக் கொக்கு?"

"அவர் போன வருசம் எடுத்த வீடியோவில வாற கொக்கு. பாம்பு வந்திட்டுது, காத்து வந்திட்டுது, பனி வந்திட்டுது. வானம் முழுக்க நிண்ட கொக்கை எங்க கொண்டுபோய் ஒளிச்சனி?"

"என்ன கொக்கு?" என்றார் அப்பா.

வேறு வழியில்லை. கொக்குகளையும், நூலக அம்மையாரையும், முந்தைய டொக்டரின் மனைவியையும் சேர்த்தே கக்கினேன். அந்த மனைவியின் கதைக்கு மட்டும் அக்காவின் முகம் மாறியது.

"அவையும் எங்களை விசாரிக்கினமோ?" என்று அப்பா வியந்தார். "அப்ப நல்ல சனம்தான்."

"அப்பா, நாளைக்கு நான் ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை," என்றாள் அக்கா. "ஈஸ்டர் லீவில போய் ரெண்டு கிழமை இருந்து பாத்திட்டுத்தான் சொல்லுவன். கொக்கு போறதுக்கு முதல்." என் பக்கம் திரும்பினாள். "நீயும் வாறாய். பாம்பு வந்தால் முன்னுக்கு நீதான் நிக்கிறாய். அந்த அம்மாவுக்கு எங்கட இடத்தைப் பற்றி எழுதி, கையில கொண்டு வா. என்னைப் பற்றி அவையளுக்கு ஒண்டும் ஒளிக்கக்கூடாது."

ஆகவே இப்போது தோர்ண்டன் ஹீத்துக்கு மூன்று பக்கம் எழுத வேண்டும். குப்பைப் பையைக் கிழிக்கிற நரி வரும். மூன்று கடைக்கு ஒரு கடை தேங்காய் விற்கிற தெரு வரும். பிந்துகிற ரயிலும் வரும். ஆனால் முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறேன். எங்கள் பக்கத்து பஸ் தரிப்பிடத்தின் பெயரில் ஒரு குளம் இருக்கிறது; இடத்தில் குளம் இல்லை. பிறந்ததிலிருந்து அதைக் கடந்து போகிறேன், அந்தக் குளம் எங்கே போனது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. திங்கட்கிழமை எங்கள் நூலகம் திறந்ததும் போய்க் கேட்கப்போகிறேன்.