மிளகாயோடு காயப் போட்ட துவக்கு

போன சனிக்கிழமை எங்கள் வீட்டுப் பின்வளவுக்குள் ஆயுதப் பொலிஸ் வந்தது.

கதை விடுகிறேன் என்று நினைக்கிறீர்களா? என் கணவர் குகனை வாராவாரம் இந்தப் பக்கத்தில் சந்திக்கிற உங்களுக்கு அப்படித்தான் தோன்றும். வாணவெடி நாட்களில் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு மாடிக்கு ஏறிவிடுகிற ஆள். நாங்கள் குடியேறிய ஹரோவில் பார்க்கிங் டிக்கெட் வந்தாலே இரண்டு நாள் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்ட மனுசனைத் தேடிப் பொலிஸா?

முதல் அதிர்ச்சி அதற்குச் சில கிழமைகளுக்கு முன்பே வந்துவிட்டது. தமிழ் வகுப்பில் படிப்பித்துவிட்டு வீட்டுக்கு வருகிறேன். சாப்பாட்டு மேசையில் நீட்டி நிமிர்ந்து ஒரு 303 ரைஃபிள் துவக்கு! ஐயோ... கையிலிருந்த பை கீழே விழுந்துவிட்டது.

"பயப்பிடாதையும். இது சுடாது. செத்த துவக்கு," என்றார் அவர்.

பழம்பொருள் சந்தையில் வாங்கினாராம். குழலை அடைத்து, உள்ளே இருப்பதையெல்லாம் வெட்டி, சட்டப்படி செயலிழக்க வைத்துச் சான்றிதழோடு விற்கிறார்களாம்.

"செத்ததெண்டால் எரிக்கிறதுதானே? என்னத்துக்கு வீட்டை கொண்டந்தனீங்கள்?"

நியாயமான கேள்வி, இல்லையா? அவர் துவக்கைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு வேலை முடிந்து வந்தால் கராஜ்தான் கதி. எண்ணெய் தொட்ட இரும்புப் பஞ்சால் துருவை மெல்ல மெல்லத் தேய்ப்பார். மரப்பிடியில் ஊறிப் போயிருந்த அழுக்கைத் துடைப்பார். ஒருநாள் கல்யாண வீட்டுக்குப் போகச் சேலையை எடுத்து வைத்துவிட்டுத் தேடுகிறேன், அயர்ன் பாக்ஸைக் காணவில்லை. கராஜுக்குப் போய்ப் பார்த்தால்... துவக்குப் பிடியில் ஈரத்துணியைப் போட்டு அதன்மேல் என் அயர்ன் பாக்ஸை அழுத்திக்கொண்டிருக்கிறார்! அடிபட்டு மரத்தில் விழுந்த பள்ளம், சூடும் ஈரமும் பட்டால் ஊதி மேலே எழும்பி வருமாம்.

"ஒத்தடம் குடுக்கிற மாதிரித்தான்," என்று விளக்கம் வேறு.

எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். கல்யாணம் கட்டி முப்பது வருஷத்தில் என் இடுப்பு நாரிக்கு ஒருநாள் ஒத்தடம் கொடுத்த மனுசனா இது?

கடைசி வேலை, ஆளிவிதை எண்ணெய். உள்ளங்கையில் விட்டு, மரத்தில் தேய்த்து, காய விட்டு, மறுபடியும் தேய்க்க வேண்டும். அது லேசில் காயாது. அந்த நேரம் பார்த்து சனிக்கிழமை நல்ல வெயில். வெயிலைக் கண்டால் நம்மவர்களுக்குக் கை சும்மா இருக்குமா? நான் பின்வளவில் பழைய பெட்ஷீட்டை விரித்து மோர் மிளகாயைப் பரவிவிட்டு, "அணில் வராமல் பாருங்கோப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? அதே பெட்ஷீட்டில், மிளகாய்க்குப் பக்கத்தில், துவக்கையும் காயப் போட்டுவிட்டார். கதிரை ஒன்றை இழுத்துப் போட்டுக் காவலுக்கும் இருந்துவிட்டார். இடுப்பில் சாரம் கட்டிய ஓர் ஆள், காலடியில் ஒரு துவக்கு. மாடி ஜன்னலால் எட்டிப் பார்க்கிற அயலவருக்குக் காவல் மிளகாய்க்குத்தான் என்று எப்படித் தெரியும்? பயந்து பொலிஸைக் கூப்பிட்டவர் யாராக இருந்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

கத்தல் கேட்டுக் குசினி ஜன்னலுக்கு ஓடினேன். பக்கக் கதவால் பொலிஸ்காரர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். கையில் உண்மையான துவக்குகள். எல்லாம் என் மனுசனை நோக்கி.

அவர்கள் சொல்லி முடிக்கும் முன்பே அவர் கையைத் தூக்கிவிட்டார். இடது கை நேரே வானத்துக்குப் போனது. வலது கை தோளோடு நின்றுவிட்டது.

"இரண்டு கையும்! இன்னும் மேலே!"

ஏறவில்லை. அவருடைய வலது தோள் அப்படித்தான். பெடியனாக இருந்த காலத்தில் சைக்கிளால் விழுந்ததாம். மேல் தட்டில் இருக்கிற ஊறுகாய்ப் போத்தலை எடுக்கக்கூட என்னைத்தான் கூப்பிடுவார். இதெல்லாம் எனக்குத் தெரியும், பொலிஸுக்குத் தெரியுமா? அவர்களுக்கு அது சொல்வழி கேட்காத கை!

ஜன்னலைத் திறந்து கத்தினேன். "அவருக்குக் கை ஏலாது! கை ஏலாது!" – தமிழில்! இத்தனை வருஷ இங்கிலீஷ் எங்கே போய்த் தொலைந்தது? பிறகுதான் "ஷோல்டர்! பேட் ஷோல்டர்!" என்று வாயில் வந்தது.

ஒரு பெண் பொலிஸுக்கு அது கேட்டது. கையை அப்படியே வைத்துக்கொண்டு மெல்ல முழங்காலில் இருக்கும்படி அவரிடம் சொன்னார். இருந்தார். துவக்கைப் பார்த்தார்கள், சான்றிதழைப் பார்த்தார்கள், "இனி இதை வெளியில் வைக்காதீர்கள்" என்றார்கள். ஒருவர் மிளகாயை மிதிக்காமல் சுற்றிப் போனதும் ஞாபகம் இருக்கிறது.

அவர்கள் போன பிறகு தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். குடிக்க முடியவில்லை அவருக்கு. கோப்பையைப் பிடித்தபடியே சொன்னார்.

"நான் சைக்கிளாலை விழேல்லையப்பா."

"பின்னை?"

"ஊரில சண்டை நேரம், சென்றியில மறிச்ச ஒரு ஆமிக்காரன் துவக்குப் பிடியாலை அடிச்சவன். கையைத் தூக்கச் சொன்னவன், தூக்கினனான். எண்டாலும் அடிச்சவன்."

பொலிஸ் வந்தபோதுகூட நான் இப்படி ஆடிப்போகவில்லை. முப்பது வருஷமாக ஒரே வீட்டில், ஒரே கட்டிலில்! எனக்கு எப்படித் தெரியாமல் போனது?

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் ஒவ்வொருக்காவும் இந்தக் கையைப் பாத்து அழுவீர்."

"அப்ப அந்தச் சனியனை என்னத்துக்கு வாங்கினனீங்கள்?"

"சந்தையில மேசையில கிடந்தது. பிடியைத் தொட்டுப் பாத்தன். வெறும் மரம்... இதுக்கோ இவ்வளவு நாளும் பயந்தனான் எண்டு இருந்துது."

கையைப் பார்த்து அழுவேன் என்று அவர் சொன்னது சரி. நான் அழுதேன்.

பின்னேரம் துவாயைச் சுடுதண்ணியில் நனைத்துப் பிழிந்து அவருடைய தோளில் வைத்தேன். "சூடு காணுமோ?" என்றேன். "காணும்," என்று கண்ணை மூடிக்கொண்டார். கை எழும்பவில்லை. எழும்பும் என்று நானும் நினைக்கவில்லை. நாளைக்கும் வைப்பேன்.

அயர்ன் பாக்ஸ் விஷயத்தை மன்னித்துவிட்டேன். அந்தச் சைக்கிளை மட்டும் – இன்னும் இல்லை!