பேட்டரி நன்றாகத்தான் இருந்தது

வில்லியனூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் நான் கேசட் கடை வைத்திருந்த வருஷங்களில் எனக்குக் கோபம் வராத நாள் என்று ஒன்று இருந்ததாக நினைவில்லை. அப்பா மளிகை வியாபாரி. பருப்பும் புளியும் மிளகாயும் விற்று நல்ல பேர் வாங்கியவர். அவர் கடையில் பாதியைத் தடுத்து நான் கேசட் அடுக்கியதிலிருந்து, "மொளகா வித்த எடத்துல இவன் பாட்டு விக்கிறான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். மிளகாயின் காரம் என் பக்கமும் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது. பாட்டைப் பற்றி யாராவது அசட்டுத்தனமாகப் பேசினால் எனக்குப் பொறுக்காது. எங்கள் ஊர் மெல்லிசைக் குழுவைப் பற்றிப் பேசினால் கேட்கவே வேண்டாம்.

அந்தக் குழுவை நடத்தியவர் மடுகரையில் கரும்பு போட்டிருந்த விவசாயி. ஆர்மோனியம் வாசிப்பார். பாட்டும் அவரே எழுதுவார், மெட்டும் அவரே போடுவார். மற்ற குழுக்கள் சினிமாப் பாட்டை மட்டும் பாடிப் பிழைத்துக்கொண்டிருந்த காலம் அது. இவர் நடுநடுவே தன் சொந்தப் பாட்டை நுழைப்பார். சொந்தப் பாட்டு என்றால் ஜனங்கள் டீ குடிக்க எழுந்து போய்விடுவார்கள், எங்கேயும் அப்படித்தான். இவர்கள் மேடையில் மட்டும் எழுந்து போனவர்கள் பாதி டம்ளரோடு திரும்பி வருவார்கள். அதற்குக் காரணம் பாடிய பெண்.

அவள் எங்கள் ஊர்க்காரி. வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுப்பாள், மாலையில் பாடப் போவாள். பாடுகிறவர்கள் தங்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். இவளுக்கு ஆறு கட்டை. மேலே போகப் போகக் குரல் மெலியாது, பிசிறாது, மூச்சு வாங்குகிற சத்தமும் கேட்காது. அவர்கள் போட்ட முதல் கேசட்டில் அந்தக் குரலோடு அக்கார்டியனும் பாங்கோவும் போட்டி போட்டுக்கொண்டு ஓடும். எக்கோ மெஷின் வேறு, ஒரு வார்த்தையை மூன்று தடவை திருப்பிச் சொல்லும். வில்லியனூரிலிருந்து புறப்படும் பஸ்களில் அந்தக் கேசட் பாடாத பஸ்ஸே இல்லை. நான் கூட அந்த எக்கோவில் மயங்கித்தான் கிடந்தேன்.

பிறகு அவள் கழுத்தில் ஒரு கழலை வந்தது. வளர்ந்துகொண்டே போனதால் ஆபரேஷன் செய்யவேண்டியதாயிற்று. குரல் மாறலாம் என்று முன்னாலேயே சொல்லித்தான் செய்தார்கள். உயிர் பிழைத்ததே போதும் என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். பல மாதம் கழித்து அவள் பாட வாயைத் திறந்தபோது நாலு கட்டைக்கு மேல் ஏறவில்லை. கனத்த, அடங்கிய ஒரு குரல் வந்தது. தன் வீட்டுக்குள் வேறு யாரோ பேசுவது போல இருக்கிறது என்று அவளே சொன்னாள்.

வேறு குழுவாக இருந்தால் மறுநாளே புதுப் பெண்ணைத் தேடியிருப்பார்கள். மடுகரைக்காரர் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அவர் மேல் மரியாதை கூடுகிறது. ரைஸ் மில் குடோனில் ஒத்திகை நடக்கும்போது நானும் போய் உட்காருவேன். அங்கே எல்லோரையும் உட்கார வைத்து அவர் சொன்னார்:

"அந்தக் கொரல மேல இஸ்துக்கினு போவ முடியாதுப்பா. நாமதான் கீழ எறங்கி வரணும்."

இறங்கினார்கள். பாங்கோ போய் டோலக் வந்தது. புல்லாங்குழல்காரர் நீளக் குழல் ஒன்றை வாங்கி வந்து, விரல் எட்டாமல் தவித்து, பழகிக்கொண்டார். ஊரில் எல்லோருக்கும் மேலாகத் தன்னை நினைத்துக்கொண்டிருந்த அக்கார்டியன்காரர் இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே பாட்டுக்கு அடியில் ஒரே ஒரு நீள ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டார். அவர் அவ்வளவு அழகாக வாசித்து நான் கேட்டதே இல்லை. பேஸ் கிட்டார் வாசித்தவர் பாதிப் பாட்டில் எழுந்து வீட்டுக்குப் போனாலும் முன்பெல்லாம் யாருக்கும் தெரியாது. இப்போது அவர் ஒரு தட்டு தட்டினால் குடோன் தகரம் அதிர்ந்தது. எக்கோ மெஷினைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டார்கள். அவளுடைய குரல் தனியாக, நம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல வந்தது.

*கரும்பு வண்டி போன பாதை
காலையிலும் இனிக்குது*

முன்பு இதையே பாடியிருந்தால் "ஆகா, என்ன குரல்" என்றிருப்போம். இப்போது அந்தப் பாதையே கண்ணுக்குத் தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அரிசித் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

இதற்குள் பாகூர்த் திருவிழாக் கமிட்டிக்காரர்கள் சேதி கேள்விப்பட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்குக் குரல் போய்விட்டதாமே, புதுச்சேரியிலிருந்து வேறு பெண்ணைக் கூட்டி வாருங்கள் என்று மடுகரைக்காரரை நெருக்கினார்கள். புதுக் கேசட் வரட்டும், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்று அவர் தவணை வாங்கினார். அவளோ ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள்:

"கேசட்ட ஜனங்க எடுத்துக்கினா பாகூர்ல ஏறுறேன். திருப்பிக் குடுத்துட்டா அந்த மேடைய அந்தப் புதுச்சேரிப் பொண்ணுக்கே குடுத்துடுங்க. அப்புறம் எந்த மேடைக்கும் என்னக் கூப்புடக் கூடாது. நானாச்சு, தையல் மிஷினாச்சு."

கேசட் வந்தது. கடை செட்டில் நானே முதலில் போட்டேன். குடோனில் அத்தனை நாள் கேட்டவன் நான். இருந்தும் முதல் பாட்டு ஆரம்பித்ததும் கை தானாகப் போய்ச் செட்டைத் திறந்து, அழுக்கோ என்று பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, டேப் உரசுகிற ஹெட்டைத் துடைத்தது. பழைய குரல் காதில் அப்படி ஊறியிருந்தது. எனக்கே அப்படி என்றால் ஊருக்கு எப்படி இருந்திருக்கும்!

எதிர் டீக்கடைக்காரர்தான் முதலில் வந்தார். "இன்னா பாய், டேப்பு இழுக்குது? பேட்டரி தீந்துபோச்சின்னு புதுசு போட்டேன். அப்பவும் இழுக்குது." இழுக்கவில்லை, குரலே அப்படித்தான் என்றேன். "எனக்கே கதை சொல்றியா?" என்று கேசட்டை வைத்துவிட்டுப் போனார். பஸ் டிரைவர் ஒருவர் செட்டுக்கு பெல்ட் மாற்றிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஒருவர் கேசட்டை வெயிலில் காய வைத்துக் கொண்டுவந்தார். ஈரம் இழுத்திருக்குமாம்! எல்லோரிடமும் சண்டை போட்டேன். காதா அது, இல்லை களிமண்ணா என்று கேட்டு இரண்டு வாடிக்கைகளை இழந்தேன். திரும்பி வந்த கேசட்டுகளை அப்பாவின் கடுகு மூட்டைக்குப் பின்னால் அடுக்கி மறைத்தேன்.

ஒரு சந்தை நாள் காலையில் அவள் வந்தாள். கழுத்தைச் சுற்றிப் புடவைத் தலைப்பைப் போர்த்தியிருந்தாள்.

"எத்தினி திரும்பி வந்துச்சி பாய்?"

"எவன் திருப்பிக் குடுப்பான்? குடுத்துடுவானா எங்கிட்ட?" என்றேன். குரலை உயர்த்திச் சொன்னதிலேயே அவளுக்குப் புரிந்திருக்கும். என் கண் கடுகு மூட்டைப் பக்கம் போனதையும் பார்த்திருப்பாள்.

அப்போதுதான் கரிக்கலாம்பாக்கத்து விவசாயி ஒருவர் துண்டில் சுற்றிய டூ இன் ஒன் செட்டோடு கடைக்குள் நுழைந்தார். எங்களிடம் நெடுநாள் வாடிக்கை. மேடை அலங்காரம் இல்லாத அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"பாய், உன் கேசட்டு மேல தப்பே இல்லப்பா. என் செட்டுதான் கோளாறு. புதுச்சேரியில ரிப்பேருக்குக் குடுத்தேன், மோட்டாருக்குப் பின்னால ஒரு ஸ்க்ரூ கீதாம், அத முறுக்கிச் சரி பண்ணிக் குடுத்தான். இப்ப கேளு."

பொத்தானை அழுத்தினார். பாட்டு ஓடியது. வேகமாக ஓடியது. அதில் வந்தது அவளுடைய பழைய குரல். அதே ஆறு கட்டை, அதே மினுமினுப்பு. டீக்கடைக்காரர் கரண்டியோடு ஓடிவந்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் கூடிவிட்டார்கள். "இதான்யா நம்ம பொண்ணு!" என்று யாரோ தொடையைத் தட்டினார்கள்.

அவள் கை கழுத்துக்குப் போனது. எனக்கு அந்தச் செட்டைத் தூக்கி ரோட்டில் போட்டு உடைக்கலாம் போல ஆத்திரம் வந்தது. "நிறுத்துய்யா" என்று கத்தினேன்.

"இருக்கட்டும் பாய், முழுசாக் கேக்கலாம்" என்றாள். கேட்டாள். முழுவதும் நின்று கேட்டாள். முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பாட்டு முடிந்ததும் விவசாயி என் பக்கம் குனிந்தார். "ஒண்ணே ஒண்ணு பாய். இது சரியாப் பாடுது, மத்தது எல்லாம் கெட்டுப்போச்சி. என் நாதஸ்வரக் கேசட்டப் போட்டா வித்துவான் பஸ்ஸப் புடிக்க ஓடிக்கினே வாசிக்கிறாரு. வூட்ல கொழந்தைங்க சிரிக்குதுங்க. அத மட்டும் சரி பண்ணிக் குடேன்."

கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கழுத்திலிருந்து தலைப்பை எடுத்தாள். தழும்பு தெரிந்தது.

"அண்ணா, மிஷினுக்குப் பின்னால ஸ்க்ரூ கீது, திருப்பினா திரும்புது. எனக்குத் தொண்டையில அப்பிடி ஒண்ணும் வெச்சி அனுப்பலியே, நான் இன்னா செய்றது?"

அவருக்கு இப்போதுதான் ஆள் தெரிந்தது.

"பாய், திருப்புளி எடுங்க" என்றாள். "மொதப் பாட்ட ஓட விடுங்க. நானும் கூடப் பாடுறேன். ரெண்டும் ஒண்ணாச் சேர்ற எடத்துல நிறுத்துங்க."

செட்டின் முதுகைக் கழற்றினேன். பாட்டு ஓடியது. அவள் சந்தை இரைச்சலுக்கு நடுவில், மைக் இல்லாமல், தன் நாலு கட்டையில் ஆரம்பித்தாள். மேலே செட்டில் ஒருத்தி, கீழே இவள். ஸ்க்ரூவை மெல்லத் திருப்பினேன். செட்டில் இருந்தவள் இறங்கினாள். குழல் இறங்கியது. டோலக் கனத்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். அக்கார்டியன்காரர் பிடித்து நிறுத்திய அந்த நீள ஸ்வரம் அடியில் வந்து உட்கார்ந்தது. பேஸ் கிட்டார் கண்ணாடி அலமாரியை அதிர வைத்தது. "கரும்பு வண்டி போன பாதை" என்ற இடத்தில் இரண்டு குரலும் ஒன்றாகிவிட்டன. எது செட், எது அவள் என்று தெரியவில்லை. கையை எடுத்துவிட்டேன்.

பஸ் வந்து நின்றது, யாரும் ஏறவில்லை. அப்பா தராசில் போட்ட பருப்பை எடுக்க மறந்து நின்றார். பாட்டு முடிந்த பிறகு டீக்கடைக்காரர்தான் மெல்லக் கேட்டார்:

"அப்ப என் பேட்டரி நல்ல பேட்டரிதானா?"

விவசாயி நாதஸ்வரக் கேசட்டைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். வித்துவான் நிதானமாக, சபையில் உட்கார்ந்து வாசித்தார். கொஞ்சம் கேட்டுவிட்டு விவசாயி அதை எடுத்தார். அவள் கேசட்டையே மறுபடி உள்ளே போட்டார். "முதுக மூடிடு பாய். இனிமே யாரும் இதத் தொட வேணாம்" என்றார்.

அவள் தலைப்பை மறுபடி போர்த்தவில்லை. கிளம்பும்போது என்னிடம் சொன்னாள்:

"கடுகு மூட்டைக்குப் பின்னால வெச்சிருக்கறத எடுத்து வெளிய வைங்க பாய். ஆளுங்க திருப்பி வாங்க வருவாங்க. பாகூர்ல நான்தான் பாடுறேன்னு மடுகரை அண்ணங்கிட்ட சொல்லிடுங்க."

டீக்கடைக்காரர் அதற்குள் மூட்டையை நகர்த்திக்கொண்டிருந்தார்.