பில்பாவோவில் நான்கு நாட்கள், ஒரு பெட்டி, நான் ஏறாத பாலம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிவில் பாலத்தின் உச்சியிலிருந்து எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. கருத்துப் பெட்டியில் வந்து கேட்காதீர்கள். ஏன் இல்லை என்பதுதான் பதிவே.

எனக்குப் பாலப் பைத்தியம் உண்டு. எங்கேயும் படித்து வந்ததல்ல. சுவிட்சர்லாந்தின் துன் நகரில் ஹோட்டல் ரிசப்ஷனில் வேலை செய்கிறேன். ஆட்கள் வராத நேரங்களில் இணையத்தில் வீடியோ பார்த்துப் பார்த்து வந்தது. அதில் தலையாயது ஸ்பெயினின் பில்பாவோ நகருக்குப் பக்கத்திலுள்ள தொங்குபெட்டிப் பாலம். ஆற்றின் இரு கரையிலும் இரும்புக் கோபுரங்கள், ஏறத்தாழ ஐம்பது மீட்டர் உயரத்தில் ஒரு நீண்ட சட்டம், அதிலிருந்து கம்பிகளில் தொங்கும் ஒரு பெட்டி. காரும் ஆட்களும் அந்தப் பெட்டிக்குள் ஏறினால் பெட்டியே அக்கரைக்குப் போய்விடும். 1893இல் கட்டியது. லிஃப்டில் ஏறி மேற்சட்டத்தின் வழியாக நடந்தும் ஆற்றைக் கடக்கலாம். அந்த நடைதான் எனக்கு வேண்டும். கணினி விளையாட்டில் கட்டை கட்டையாக அடுக்கி அந்தப் பாலத்தை இரண்டு முறை கட்டியவள் நான். அசலில் ஒருமுறை நடக்க வேண்டாமா?

2018 செப்டம்பரில் நானும் என் மச்சாள் அபியும் கிளம்பினோம். அபி பாசலில் இருப்பவள், பாலம் என்றால் கொட்டாவி விடுபவள். கைப்பை மட்டும் எடுத்துச் செல்லும் மலிவு டிக்கெட். சூரிச்சிலிருந்து, நடுவில் ஒரு விமானம் மாறி, பில்பாவோ. வியாழன் மாலை போய்த் திங்கள் மாலை திரும்புவது.

அப்போதுதான் அம்மா ஐஸ்கிரீம் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார்.

நம் ஆட்களில் யாராவது எங்காவது பயணம் போகிறார்கள் என்று தெரிந்தால் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். பில்பாவோவில், அந்தப் பாலத்துக்குப் பக்கத்திலேயே, சுபா அக்கா இருக்கிறார், அம்மாவின் சிநேகிதியின் மகள். அவருக்குக் குழந்தை பிறந்து மூன்று வாரம். பிள்ளைப்பேறு பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டிய அவருடைய அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. அவர் தன் கையால் வறுத்து இடித்த சரக்குத்தூளை, துன்னில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு வந்தவர்களிடம் கொடுத்துவிட்டிருந்தார். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு என்கிற சுக்கு. பிள்ளை பெற்றவளுக்குக் கறி வைத்துக் கொடுக்கும் தூள். அது ஐஸ்கிரீம் டப்பாவில் அடைபட்டு எங்கள் வீட்டில் வந்து நின்றுவிட்டது.

கைப்பையில் வைக்கிறேன் என்றேன். தூளைக் கண்டால் விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள் என்றார் அம்மா. ஆகவே பெரிய பெட்டி, அதற்குத் தனிக் கட்டணம் 45 பிராங்க். பெட்டி நிறைய இடம் இருக்கிறதே என்று குழந்தைச் சட்டைகள், முறுக்கு, இரண்டு சேலை. கைப்பிடியில் விலாச அட்டையையும் அம்மாவே எழுதிக் கட்டினார்.

பில்பாவோவில் நாங்கள் இறங்கினோம், பெட்டி இறங்கவில்லை. பெட்டிகள் வரும் பட்டி சுற்றிச் சுற்றி நின்றே போனது. முறைப்பாட்டு மேசையில் இருந்தவர் பெட்டிக்குள் என்ன என்று கேட்டார். நான் செயலியில் கற்ற ஸ்பானிஷில் மண்ணிறத் தூள் என்று விளக்க ஆரம்பித்தேன். அபி என் காலை மிதித்தாள். சட்டைகள் என்று முடித்துக்கொண்டோம். பெட்டி அடுத்த விமானத்தில் வரும், அட்டையிலுள்ள எண்ணுக்கு அழைப்போம் என்றார்.

விமான நிலையத்திலிருந்து நகருக்குப் பேருந்து 3 யூரோ, இருபது நிமிடம்.

வெள்ளிக்கிழமை நகரம். ஒரு காலத்தில் இந்த ஆறு கப்பல் கட்டும் தளங்களும் இரும்பு ஆலைகளுமாகக் கறுத்துக் கிடந்ததாம். இப்போது அதே கரையில் டைட்டானியத் தகடு போர்த்த மியூசியம், வாசலில் பூக்களால் ஆன ராட்சத நாய், ட்ராம், நடைபாதை. உண்மையிலேயே வாய் பிளந்து நின்றேன். அதுவும் இரண்டு நிமிடம்தான். அம்மாவின் அழைப்பு வந்துவிட்டது.

"பெட்டி வந்ததோ பிள்ளை?"

இல்லை என்றேன். மதியமும் கேட்டார், இரவும் கேட்டார். சுபா அக்காவோ ஒன்றும் கேட்கவில்லை. பரவாயில்லைத் தங்கச்சி, நீங்கள் சுற்றிப் பாருங்கோ என்று ஒரு செய்தி மட்டும். அதுதான் அதிகம் குத்தியது. (குறிப்பு: இரவுச் சாப்பாட்டுக்கு எட்டரைக்கு முன் போகாதீர்கள். சுவிஸ்காரர்போல ஆறரைக்குப் போய் நின்றோம். பூட்டிய அடுப்பங்கரைகளைத்தான் பார்த்தோம்.)

சனிக்கிழமை கஸ்தெலுகாச்சே. கடலுக்குள் நீட்டிய பாறை, உச்சியில் சிறு கோயில், 241 படி. நகரிலிருந்து 35 கிலோமீட்டர். சீசனில் இணையத்தில் முன்பதிவு கட்டாயம். இலவசம்தான், ஆனால் இடம் முடிந்துவிடும். பாக்கியோ ஊரிலிருந்து எங்களை ஏற்றிய டாக்சிக்காரர், எல்லோரும் ஒரு தொலைக்காட்சித் தொடருக்காகத்தான் வருகிறார்கள், நீங்களுமா என்றார். இல்லை, நாங்கள் ஒரு பாலத்துக்காக வந்தோம் என்றேன். மனிதர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு வானொலியின் சத்தத்தைக் கூட்டினார்.

உச்சியில் மணியை மூன்று முறை அடித்து ஏதாவது வேண்டிக்கொள்வது அங்கே வழக்கம். அடித்தேன்.

"பாலத்துக்கு வேண்டினியோ, பெட்டிக்கோ?" என்றாள் அபி.

"பெட்டிக்கு. வெறுங்கையோட அக்கா வீட்டுப் பக்கம் போகேலுமோ? அது வந்தால்தானேடி பாலம்."

இறங்கி வந்ததும் விமான நிறுவனத்துக்கு நானே அழைத்தேன். பெட்டி வெள்ளிக்கிழமையே வந்துவிட்டதாம். அவர்கள் மூன்று முறை அழைத்தார்களாம். யாரோ ஒரு பெண்மணி எடுத்து, ஏதோ ஒரு மொழியில் ஏசி, வைத்துவிட்டாராம்.

அம்மா விலாச அட்டையில் துன் வீட்டுத் தொலைபேசி எண்ணை எழுதியிருந்தார்.

"தெரியாத நம்பர் பிள்ளை," என்றார் அம்மா, கொஞ்சமும் அசராமல். "கிராங்கன்காசு மாத்தச் சொல்லி எடுக்கிற சனமெண்டு நினைச்சு நல்லாக் குடுத்துப்போட்டு வைச்சிட்டன்."

சுவிஸில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: மருத்துவக் காப்புறுதியை மாற்று மாற்று என்று இலையுதிர் காலம் முழுக்க விற்பனைக்காரர்கள் அழைப்பார்கள். எங்கள் அம்மாமார் ஜெர்மனில் சரளமாகப் பேசுவது அவர்களைத் திட்டும்போது மட்டும்தான்.

யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லாததால் பெட்டியைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள். திங்கள் காலை எட்டு மணிக்குக் கடவுச்சீட்டுடன் நானே நேரில் வரவேண்டும். திங்கள் காலை, என் பாலத்துக்கென்று ஒதுக்கிய காலை.

ஞாயிறு சான் செபஸ்டியான் போனோம். நூறு கிலோமீட்டர், பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம், அருமையான கடற்கரை. எனக்கு எதுவும் மனதில் நிற்கவில்லை. மணலில் உட்கார்ந்து திங்கட்கிழமைக்குக் கணக்குப் போட்டேன். பெட்டியை எடுத்து, சுபா அக்கா வீட்டு வாசலில் கொடுத்து, பாலத்துக்கு ஓடினால் மேலே நடக்க அரை மணி நேரம் மிஞ்சியது.

திங்கள் பெட்டி கிடைத்தது. சுபா அக்கா இருக்கும் போர்த்துகலேத்தேக்கு மெட்ரோ நேராகவே போகும். ஆனால் நான் அபியையும் இழுத்துக்கொண்டு எதிர்க்கரையில், அரேட்டா நிலையத்தில் இறங்கினேன், தொங்குபெட்டியில் கடப்பதற்காக. கட்டணம் அரை யூரோகூட இல்லை. ஆறு கார்களுக்கு அருகில் பெட்டியும் கையுமாக நின்றேன். ஒன்றரை நிமிடம். தலையை நிமிர்த்தி மேலே புள்ளிகளாக நடந்துகொண்டிருந்த ஆட்களைப் பார்த்தபடியே போனேன்.

சுபா அக்கா கதவைத் திறந்தார். தோளில் குழந்தை, கண்ணுக்குக் கீழே கறுப்பு. நான் வாசலிலேயே பெட்டியைத் திறந்து டப்பாவை நீட்டினேன். அவர் மூடியைத் திறந்து முகத்தை உள்ளே வைத்தார். கொஞ்ச நேரம் வெளியே எடுக்கவில்லை.

பிறகு கேட்டார், "இதை என்னெண்டு காய்ச்சிறது எண்டு உங்களில ஆருக்கும் தெரியுமோ?"

நான் அபியைப் பார்த்தேன். அபி என்னைப் பார்த்தாள். அவருடைய கணவர் உணவகத்தில் சமையற்காரர், ஆனால் வேலைக்குப் போய்விட்டார். அவருக்கும் இது தெரியாதாம். செய்யத் தெரிந்தவருக்குத்தான் விசா இல்லை.

"பாலத்துக்கு அரை மணித்தியாலம் இருக்கு," என்று அபி என் காதுக்குள் சொன்னாள். "நீ போ. நான் நிக்கிறன்."

அவளுக்குத் தேநீரைத் தவிர வேறொன்றும் வைக்கத் தெரியாது. நான் காலிலிருந்து சப்பாத்தைக் கழற்றினேன்.

யாழ்ப்பாணத்திலிருக்கும் சுபா அக்காவின் அம்மாவுக்கு வீடியோ அழைப்பு. குழந்தை சுபா அக்காவிடம், கத்தி அபியிடம், ஒரு கையில் கைபேசியும் மறு கையில் அகப்பையுமாக நான். படம் நிமிடத்துக்கொருமுறை உறைந்தது. உறைந்த முகத்திலிருந்து குரல் மட்டும் வந்தது, "உள்ளிப்பல்லைக் கூடப் போடு. இன்னும் போடு. சட்டியைக் காட்டு, உன்ர மூஞ்சையைக் காட்டாதை." வீட்டிலிருந்த மீன் தூளோடு கொதித்து வாசம் கிளம்பியதும் சுபா அக்கா அடுப்படியில் நின்றபடியே, சோறு ஆறும்வரைகூடப் பொறுக்காமல் சாப்பிட்டார். யாழ்ப்பாணத்து முகம் மறுபடி உறைந்திருந்தது. இணைப்பு போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை.

விமானத்தைக் கடைசி ஆட்களாகப் பிடித்தோம்.

உங்கள் பயணத்துக்கு: நான்கு நாள் போதும். பாரிக் அட்டை வாங்கினால் மெட்ரோவும் பேருந்தும் மலிவு. நீங்கள் உயிரை விடும் இடத்தை முதல் நாளே பாருங்கள், கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். விலாச அட்டையை நீங்களே எழுதுங்கள். தூள் வகைகளை யாரும் பறிப்பதில்லை, கைப்பையிலேயே வைக்கலாம், கேட்டால் திறந்து காட்டுங்கள். இதை அம்மாவிடம் சொல்லிப் பயனில்லை.

பிள்ளை பெற்ற முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிந்து சுபா அக்கா முதன்முதலாக வீட்டைவிட்டு வெளியே வந்த நாள், எனக்கு வேலை நேரத்தில் ஒரு வீடியோ அழைப்பு. ஒரே காற்றுச் சத்தம்.

"நாலு வருசமாக் கீழால மட்டும்தான் போய்வந்தனான்," என்றார். "நீ ஏறேல்லை எண்டு இண்டைக்கு ஏறிட்டன். வடிவாத் தெரியுதோ?"

மேற்சட்டத்தின் முழு நீளத்தையும் எனக்காக நடந்து காட்டினார். இடது மூலையில் கொஞ்சம் ஆறு தெரிந்தது, ஒருமுறை குழந்தையின் தொப்பி தெரிந்தது. மிச்சம் முழுக்க அவருடைய விரல். ஓம் அக்கா, வடிவாத் தெரியுது என்றேன்.